குதிரை நின்ற கட்டம்

விளையாட்டுச் சாமான் கடைக்குள் வந்தவர் செஸ் போர்டு என்று வாயைத் திறந்த நிமிஷமே, விற்பனைக்கு நின்ற லூர்துமேரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி, அக்குளில் ஒரு துணிப்பை.

“இருக்கறதுலயே ஒசத்தியா, மரத்துல வேணும். காயும் போர்டும் ஜோடி சேரணும். விலையைப் பத்திக் கவலையில்லம்மா.”

விலையைப் பற்றிக் கவலைப்படாத ஓர் ஆளை விழுப்புரத்தில் அவள் இதுவரை பார்த்ததில்லை.

போன வாரம் திண்டிவனத்தில் அவளுடைய சிநேகிதி அம்சவள்ளி வேலை பார்த்த கடைக்கும் ஒருவன் இப்படித்தான் வந்தான். இருப்பதிலேயே விலை கூடிய டென்னிஸ் மட்டையை எடுத்தான். வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று படியிறங்கினான். போனவன் போனவன்தான். மட்டையோடு அம்சவள்ளியின் வேலையும் போயிற்று. லூர்துமேரியின் சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு வயிறுகள். அவள் மேசையைச் சுற்றி வந்து, வாசலை மறித்தாற்போல் நின்றுகொண்டாள்.

வந்தவர் தன் பெயர் ரிஷபநாதன் என்றும், திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் என்றும் சொல்லிக்கொண்டார். சொல்வதற்கென்ன, காசா பணமா?

முதல் செட்டில் ஒரே கட்டத்துக்குள் நாலு சிப்பாய்களை நிறுத்திப் பார்த்தார். நாலாவது சிப்பாய்க்கு இடமில்லை. காய் பெரிசு, கட்டம் சிறிசு என்று ஒதுக்கினார். இரண்டாவது செட்டில் ஒரு காயைத் தலைகீழாய்ப் பிடித்து, அடியில் இருந்த பச்சைத் துணியை வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருக்கிறதா என்று விசாரித்தார். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த பசையாம், அவர்கள் ஜைனக் குடும்பமாம், கையால் தொடமாட்டார்களாம். மூன்றாவது செட்டில் குதிரையை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“ஏம்மா, இது குதிரையா? கழுதைக்குக் காது குத்தின மாதிரி இருக்குது.”

பின்னறைத் திரை விலகியது. முதலாளி தாண்டவராயன் தாடியை நீவிக்கொண்டு வெளியே வந்தார். மூன்று வருஷமாகக் கடை நடத்துகிறார், முன்பக்கம் வருவது அபூர்வம். கேரம் போர்டைக் குறை சொன்னால் சிரிப்பார். செஸ்ஸைச் சொன்னால் பொறுக்கமாட்டார்.

“குதிரைதானே சார் வேணும்? வர்றேன், இருங்க” என்று உள்ளே போய்த் தன் சொந்த செட்டையே கொண்டு வந்து வைத்தார். கறுப்புக் காய் அத்தனையும் ஈட்டி மரம். போர்டிலும் அதே மரம். அடியில் ஈயம் வைத்த காய்கள், சாய்த்துவிட்டால் தானாக ஆடி நிமிர்ந்தன. குதிரையின் பிடரி மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

ரிஷபநாதனின் முகம் மலர்ந்தது. “இது செட்டு. ஆனா ட்யூப் லைட்ல நிறம் தெரியாதுங்க. வெளிய வெளிச்சத்துல பார்த்துட்டு வர்றேன்.”

அம்சவள்ளி கேட்ட அதே வார்த்தை என்று லூர்துமேரிக்குப் பட்டது.

“நீங்க எதுக்கு சார் வெய்யில்ல நிக்கணும்?” என்றவள், மேசையையே வாசல் வரை இழுத்துப் போட்டாள். இழுத்த சாக்கில் படிக்குக் கீழே பூக்கட்டிக்கொண்டிருந்த கோவிந்தம்மாளிடம் குனிந்தாள். “யக்கா, பஸ் ஸ்டாண்டாண்ட ஏட்டய்யா இருப்பாரு. ஜல்தியா இட்டுக்கினு வா.”

ரிஷபநாதன் காய்களை அடுக்கத் தொடங்கினார். அடுக்கிய லட்சணத்தைப் பார்த்ததும் அவளுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. முறைப்படி இந்தப் பக்கம் இரண்டு வரிசை, அந்தப் பக்கம் இரண்டு வரிசை. தினமும் கண்ணாடி அலமாரியில் அவளே அடுக்குவதுதான். இந்த மனுஷரோ ராஜாவைக் கொண்டுபோய் மூலையில் தள்ளினார். சிப்பாய்களை இங்கொன்றும் அங்கொன்றுமாய் இறைத்தார். குதிரையை நட்டநடுவில் அனாதையாக விட்டார். பாதிக் காய்கள் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. செஸ் தெரியாதவனுக்குச் செஸ் போர்டு எதற்கு?

முதலாளி குனிந்து போர்டையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ‘ச்சு’ என்று சூள்கொட்டிவிட்டு, குதிரையை ஒரு கட்டம் இடதுபக்கமாகத் தள்ளினார்.

“குதிரை இங்க நிக்கணும் சார்.”

ஆள் செஸ் தெரியாத போலி என்று முதலாளியும் கண்டுபிடித்துவிட்டதில் லூர்துமேரிக்குப் பெருமையாக இருந்தது. அதற்குள் ஏட்டு படியேறி வந்து, அவள் காட்டிய ஆளின் தோளில் கையைப் போட்டுவிட்டார்.

“இவர்தாங்க ஏட்டய்யா. காய் அடுக்கக்கூடத் தெரியல” என்றாள்.

ரிஷபநாதன் திமிறவில்லை, திரும்பவுமில்லை. போர்டைப் பார்த்தபடியே சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பேங்க் கேஷியரோடு பதினைந்து பைசா தபால் கார்டிலேயே செஸ் ஆடினாராம். கார்டுக்கு ஒரு நகர்த்தல் வீதம் ஒன்றரை வருஷம். இவர் ஜெயிக்கப்போகிற நேரம் பார்த்து அந்தக் கேஷியர், ஜனங்கள் அடகு வைத்த நகைகளை மூட்டை கட்டிக்கொண்டு தலைமறைவாகிவிட்டாராம்.

“அவரு மூஞ்சி எனக்குத் தெரியாது, ஆட்டந்தான் தெரியும். செஸ் பித்துப் பிடிச்சவன் அதை விட்டுட்டு எங்க போவான்? அதான் யாவாரத்துக்குப் போற ஊர்ல எல்லாம் செஸ் விக்கிற கடையாப் பார்த்து நுழைஞ்சி, நின்னுபோன அந்த ஆட்டத்தை அப்படியே வெச்சிப் பார்த்துக்கினு வர்றேன். குதிரையை மட்டும் வேணும்னே ஒரு கட்டம் தள்ளி வெப்பேன். அது நெசமா நின்ன கட்டம் தெரிஞ்சவங்க உலகத்துலயே ரெண்டு பேருதாங்க. ஒருத்தன் நான்.”

லூர்துமேரியின் வேலையைக் காப்பாற்ற வந்த ஏட்டின் கை, ரிஷபநாதனின் தோளைவிட்டு மெல்ல எழும்பி, குதிரையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த முதலாளியின் மணிக்கட்டில் போய் விழுந்தது.