உள் ரூமில் சொன்னது

கீச்சென்று ஆரம்பித்து, குடைக்குள் மாட்டிய வண்டு போல இரைந்து, சட்டென்று ஓயும். இன்டர்நெட்டைப் பிடிக்கும் அந்த மோடம் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தொண்ணூற்றொன்பதாம் வருடம். ஏற்காட்டில் ஒரு சின்ன விடுதி. வரவேற்பு மேஜையில் நான். பக்கத்தில் காவேரி. கொட்டச்சேட்டு எஸ்டேட் தொழிலாளி மகள். சேலத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். விடுதிக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்து காட்ட வேண்டும். சரியாக வந்தால்தான் வேலை நிரந்தரம்.

முதலாளி தேவசிகாமணி வந்து பார்த்தார். ஏரி இருந்தது, பூ இருந்தது. 'போன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை. தன் அறைக்குப் போய்விட்டார்.

மேனேஜர் அங்கப்பன்தான் கத்தினார்.

"ஏம்புள்ள, நம்பரே இல்லாம எவன் கூப்புடுவான்? ஊட்டுக்குப் போற பஸ்ஸப் பாரு!"

விருந்தாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விறுவிறுவென்று முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"போயாச்சு, கோள் மூட்ட," என்றேன்.

காவேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேடினாள். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என் தப்புதானுங்க அக்கா. நம்பர் தனி ஃபைல்ல இருக்குது. அதை நேத்து புரோகிராம்ல ஒரு ஃபங்ஷனுக்குள்ள சேர்த்துட்டனுங்க."

"அப்படின்னா?"

"கதவு சாத்துன ரூம்பு மாதிரிங்க. உள்ள சொன்னது உள்ளயே நின்னுரும். வெளிய இருக்கிற பக்கத்துக்குத் தெரியாது."

"நம்ம மேனேஜர் இப்ப பேசுறாரே, அப்படியா?"

அழுத முகத்தோடு சிரித்துவிட்டாள். நம்பர் எல்லாருக்கும் பொது என்று ஒரு வரி சேர்த்தாள். மோடம் இரைந்தது. நம்பர் வந்துவிட்டது!

கதவு திறந்தது. அங்கப்பன் யாரையும் பார்க்காமல் தன் இடத்துக்குப் போனார். பின்னாலேயே முதலாளி.

"பயப்படாத காவேரி. அங்கப்பன்தான் நம்பர் எழுதிக் குடுக்க மறந்துட்டாராம். புள்ளைய அனுப்பிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்புடறாரு. வெளிய சொல்ல வேண்டாம்னாரு. எனக்கு வாய் நிக்கல."

"ஐயா, அவரு எழுதிக் குடுத்தாருங்க! தப்பு என்னுதுதானுங்க!"

போன் அடித்தது.

"பேசினது போதும் சாமி, போனை எடு!" என்று காவேரியை அதட்டினார் அங்கப்பன், காது சிவக்க.

பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம். இன்டர்நெட் பக்கத்தில் நம்பர் பார்த்தார்களாம்.

அடுத்த வருடம் அங்கப்பன் மஞ்சக்குட்டையில் ஆரஞ்சுத் தோட்டம் பார்க்கப் போய்விட்டார். முதலாளியிடம் கேட்டு, தன் நாற்காலியில் காவேரியை உட்காரவைத்துவிட்டுத்தான் போனார்.