விரலளவு

இன்னும் முகம் பாராத ஆசீர்வாதம் என்ற மாப்பிள்ளை கேட்டுக்கொண்டபடி, ஞானப்பூ தன் மோதிரவிரலை நூலால் அளந்து பினாங்குக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். கப்பலை விட்டு இறங்கிய கையோடு அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். தரை இன்னும் ஆடுவதுபோலிருந்தது. மரணம் பிரிக்குமட்டும் என்று இருவரும் சொல்லி முடித்ததும், அவன் போட்ட மோதிரம் விரலில் தொளதொளத்தது. சட்டைப்பையில் அவன் நூல் தயாராக வைத்திருந்தான். மோதிரத்தைக் கழற்றி, குனிந்து பாராமலே நெருக்கமாகச் சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்கி, மறுபடி அவள் விரலில் போட்டான்.

"இதுக்கு முன்னால யாருக்குச் சுத்துனிய?" என்றாள் மெதுவாக.

"மொத பெஞ்சாதிக்கு. காய்ச்சல்ல மெலிஞ்ச பொறவு."

ஊர்க்கோயிலில் மூன்று ஞாயிறும் வாசித்த திருமண அறிவிப்பில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெஞ்சாதி இருந்ததாக இல்லை.

போதகர் முழங்காலிடச் சொன்னார். நூல் சுற்றிய மோதிரம் கிடந்த விரலை மடக்கிக்கொண்டு, ஞானப்பூ ஏற்கெனவே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.