கத்தரிக்காய்ப் பிரட்டல்

இதைப் பயன்படுத்துகிற ஒரே ஒரு ஆளைக் காட்டினால் போதும் என்றார் குழுத் தலைவர்.



வெஸ்ட்மின்ஸ்டரில் ஓர் அரசு அலுவலகத்தின் நான்காம் மாடி. மேசைக்கு அந்தப் பக்கம் நிதிக் குழுவினர். இந்தப் பக்கம் வான்மதியும் அவளோடு வேலை செய்யும் ரவீனும். மலேசியாவிலிருந்து படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்டவர்கள்.

மேசைக் கோடியில், கூட்டக் குறிப்பு எழுதுவதற்காக ஏஜென்சியிலிருந்து அன்றைக்கு மட்டும் வந்திருந்த ஒரு பெண்மணி. புரொஜக்டர் வயர் எட்டாததால் வான்மதியின் லேப்டாப் அவர் முன்னால் இருந்தது; அதன் திரை சுவரில் பெரிதாகத் தெரிந்தது.

ரங்கூனில் அரசாங்கம் பூட்டி வைத்த செய்தித் தளங்களைப் பின்வாசல் வழியாகத் திறந்து காட்டும் மென்பொருள் அதில் ஓடிக்கொண்டிருந்தது. நோர்பரியில் வான்மதியின் வீட்டு மாடியறையில் பிறந்தது. யாரிடமும் காசு வாங்குவதில்லை.

இப்படிப்பட்ட முயற்சிக்கு பிரிட்டிஷ் அரசு உதவி தருகிறது என்று கேள்விப்பட்டு மனுப் போட்டிருந்தார்கள். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் சர்வர் நின்றுவிடும். ரங்கூனில் பின்வாசலும் சாத்திக்கொள்ளும்.

ஆனால் ஆளைக் காட்டு என்றால் எப்படிக் காட்டுவது? யார் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று எதையும் பதிந்து வைக்காமல் இருப்பதுதான் அந்த மென்பொருளின் உயிர். பெயர் வெளியே தெரிந்தால் அந்தப் பெயருக்குச் சிறை.

அதைத்தான் சொன்னாள்.

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். யாருமே சீந்தாத சரக்குக்கும் இதே பதிலைச் சொல்லலாமே என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

"அக்கா, சும்மா ஒரு பேரச் சொல்லி விடுங்கலா," என்று ரவீன் காதைக் கடித்தான்.

மாட்டேன் என்று தலையாட்டினாள்.

அப்போது கதவு படாரென்று திறந்தது.

சீருடையில் செக்யூரிட்டி. கையில், ரவீன் கீழே விட்டுவிட்டு வந்த குடை.

சுவரில் தெரிந்த செய்திப் பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது. அந்த இடத்தில் ஒரு சமையல் குறிப்பு நின்றது. கத்தரிக்காய்ப் பிரட்டல். கத்தரிக்காய் கால் கிலோ, சின்ன வெங்காயம், மிளகாய்த் தூள், தேங்காய்ப் பால், கறிவேப்பிலை.

செக்யூரிட்டி குடையைக் கொடுத்துவிட்டுப் போனார். குழுவினர் சிரித்துவிட்டார்கள். இது என்ன கூத்து என்று கேட்டார் தலைவர்.

ஆபத்துக்கு உதவும் ஏற்பாடு என்று வான்மதி விளக்கினாள். இன்டர்நெட் கடைக்குள் போலீஸ் நுழைந்தால் கீபோர்டின் இந்த மூலை விசையையும் அந்த மூலை விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரையில் சமையல் வந்துவிடும். அதை எழுதிய அன்றைக்கு அடுப்பில் எது இருந்ததோ, அதையே போட்டுவிட்டாள்.

மனுவில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே என்றார் அவர்.

எங்கேயும் எழுதுவதில்லை, அங்கே ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொள்வது, பயன்படுத்துகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும்…

பாதியில் நிறுத்தினாள்.

இரண்டு மூலை விசைகளின் மேல் குறிப்பெழுதும் பெண்மணியின் விரல்கள் இன்னும் இருந்தன.

எல்லோரும் பார்த்தார்கள். அவர் கைகளை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

தன் கைதான் தவறிப் பட்டுவிட்டது என்றாள் வான்மதி, அவசர அவசரமாக.

அவள் கைக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஆறடி மேசை கிடந்தது.

தலைவர் அந்த ஆறடியை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை மூடினார். தனக்கு இனிக் கேள்வி இல்லை, திங்கட்கிழமை கையெழுத்துப் போட வரலாம் என்றார். பிறகு மேசைக் கோடிப் பக்கம் திரும்பி, இந்தக் கடைசிச் சமாசாரத்தைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார்.

லிஃப்ட் வாசலில் ரவீன் குடையைச் சுழற்றிச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தான். அந்தப் பெண்மணி பின்னாலேயே வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று வான்மதி நினைத்தாள்.

அவர் தமிழில் பேசினார்.

"போலீஸ் முதுகுக்குப் பின்னாடி நிக்க நிக்க அதையே படிச்சு எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு தங்கச்சி. ரங்கூன்ல ஆக்கிக்கூடப் பார்த்தேன். உப்பை எழுதாம விட்டுட்டீங்களே."