இல்லாத எறும்பு

“நான் போற இடத்துல எல்லாம் எறும்பு வருது, சிஸ்டர்,” என்றார் மனநல வார்டில் எல்லாரும் வாத்தியார் என்று கூப்பிடும் நோயாளி.

“உங்ககிட்ட பாடம் கேக்க வருது போல,” என்று சிரித்த நர்ஸ், ‘இல்லாத எறும்பு தெரிகிறது’ என்று குறிப்பேட்டில் எழுதினாள். மூன்று வாரமாக அதையேதான் எழுதிவந்தாள்.

மறுநாள் மனநல நர்ஸ்களுக்குச் சர்க்கரை நோய்ப் பயிற்சி. டாக்டர் சொன்னார்: “சர்க்கரை ஏறினா, ஒண்ணுக்குப் போற இடத்துல எறும்பு மொய்க்கும். நோயாளி சொன்னா காது கொடுத்துக் கேளுங்க.”

போற இடம். அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

நேரே வார்டுக் கழிவறைக்குப் போய்ப் பார்த்தாள். தரையெல்லாம் எறும்பு. தலைகுனிந்து நின்றாள்.

பின்னால் வந்த வாத்தியார் மெதுவாகக் கேட்டார்: “உங்களுக்கும் தெரியுதா? வெளிய சொல்லிடாதீங்க சிஸ்டர். நான் சொன்னதுக்கே மாத்திரையைக் கூட்டிட்டாங்க.”