சும்மா பேச வந்தவள்

அறையில் இருந்தவர்கள்: கே.கே. நகர் சீதாராமன், மனைவி அலர்மேல்மங்கை, பத்தாவது படிக்கும் மகன் கோகுல்நாத், கோர்ட்டில் சிறுவர்களுக்காகப் பேசும் தொண்டர் சரண்யாதேவி.

“நாளைக்கு பைக் திருட்டு கேஸ்ல பேசப்போற. எம்புட்டும்மா தருவாங்க?” என்றார் சீதாராமன்.

“ஒண்ணுமில்ல சார்.”

“கல்யாணம் ஆகல, பொழுது போகல. அதானே?”

“ஆயிருச்சு சார். எங்க வீட்டுக்காரரும் இதத்தான் கேக்குறாரு.”

“வக்கீலுக்குப் படிச்சியா?”

“இல்ல. பையன் சொல்றதக் கேட்டு ஜட்ஜுகிட்ட சொல்லுவேன்.”

“திருட்டுப் பய சொல்றத எவன் கேப்பான்? அதெல்லாம் மேலூர்ப் பக்கத்துப் பயலுக வேல. எங்க தெருப் பசங்க அப்படியில்ல.”

அலர்மேல்மங்கை தலை குனிந்தாள்.

மணி அடித்தது. கோகுல்நாத் எழுந்தான்.

“அக்கா, நாளைக்குக் கோர்ட்டுக்கு நீங்க மட்டும் வாங்க. அப்பா வேணாம்.”

உள்ளே போனான். சிறுவர் கூர்நோக்கு இல்லத்துக் காவலர் அவன் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.