தாழிக்குள்

அன்று அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்கான கண்காட்சி. பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழியைப் போலவே ஒன்று செய்து, குழந்தைகள் உள்ளே இறங்கிப் படம் எடுத்துக்கொள்ள வைத்திருந்தார்கள். ஏழு வயது மிருணா இறங்கி உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா புகழேந்தியும் அம்மா சுகந்தியும் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. குடும்பத்தோடு போய்வரும்படி பள்ளியில் சொல்லியிருந்ததால் இருவரும் வந்திருந்தார்கள்.

படம் எடுத்து முடித்த புகழேந்தி, "அடுத்த மாசத்துலேர்ந்து அவ என்கூட இருக்கட்டும்" என்றான்.

"அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப எங்க போயிருந்தீங்க?"

"நீ சொன்னியா?"

"நீங்க கேட்டீங்களா, ஒருநாளாவது?"

குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். வரிசையில் அடுத்து நின்ற குழந்தை சிணுங்கத் தொடங்கியது.

"மிருணா, வெளிய வாம்மா" என்றான் புகழேந்தி.

"நீங்க பேசி முடிங்கப்பா. இங்க ஒண்ணுமே கேக்கல" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

சுகந்திக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. அங்கே காவலுக்கு நின்ற பெண் தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் வந்தார்.

"காலைல நான்தாம்மா உள்ள எறங்கித் தொடைச்சேன். வெளிய முணுமுணுத்தாக்கூட உள்ள கணீர்னு கேக்குது."

புகழேந்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். சுகந்தி தாழியின் வாயருகே குனிந்தாள். மிருணா முழங்கால்களைக் கட்டிக்கொண்டு கண்களை இறுக மூடியிருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டும். எவ்வளவு மெதுவாகக் கூப்பிடுவது என்று சுகந்திக்குத் தெரியவில்லை.