கடைசி எபிசோடு, முதல் விமர்சனம்

"கண்ணு எப்படி செவந்திருக்குன்னு பாருங்க மேடம். காலையில அஞ்சரைக்கு எழுந்து பாத்த கண்ணு" என்றான் வல்லரசு. திண்டிவனத்திலிருந்து வழி முழுக்க ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டி வந்திருந்தான். சட்டைக் காலரில் நெடுஞ்சாலைப் புழுதி.

எதிரே ஜெசிந்தா காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஜப்பானிய சூப்பர் ஹீரோ தொடர்களை வாங்கித் தமிழில் பேசவைத்து வெளியிடப்போகும் புதுச்சேரி நிறுவனத்தின் மேலாளர் அவர். ஒவ்வொரு எபிசோடு முடிந்ததும் திரையில் தோன்றி அதைப் பற்றிப் பேச, ஒரே ஒரு ஆள் அவருக்கு வேண்டும்.

அந்தத் தொடர்களை யூடியூபில் விமர்சிக்கும் இருவரை, இருவர் ஊருக்கும் நடுவிலிருக்கும் கூட்டேரிப்பட்டு ஓட்டலுக்கு வரச் சொல்லியிருந்தார். இன்னொருத்தி விழுப்புரம் சங்கவி. இந்த வேலை கிடைக்காவிட்டால் நாளைக்கே ஜவுளிக் கடையில் பில் போடப் போகவேண்டும் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டதை, வந்ததுமே மறைக்காமல் சொல்லியிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கேள்விதான். இடிவீரன் தொடரோட கடைசி எபிசோடு எப்படி?" என்றார் ஜெசிந்தா.

"குப்ப மேடம்" என்றான் வல்லரசு. "ஒரு வருஷமா ஞாயித்துக்கிழம தவறாம பாத்தவன் வாயில மண்ண அள்ளிப் போட்டுட்டானுங்க. ஜப்பான் டிவியில எபிசோடு முடிஞ்ச கொஞ்ச நேரத்துல என் வீடியோ வந்துடிச்சி. கிழிகிழின்னு கிழிச்சிருக்கேன்."

"நீ என்னம்மா சொல்ற?"

"நான் இன்னும் பாக்கலங்க" என்றாள் சங்கவி. "ஏன்னா..."

"ஏன்னா தூங்கிட்டா."

"தூங்கல. நானும் அஞ்சரைக்கே எழுந்தேன். ஓட்டப்பந்தயம்தான் பாத்தேன்."

வல்லரசு மேசையைத் தட்டிச் சிரித்தான். "கேட்டீங்களா மேடம்? ஊரே இடிவீரன் என்னா ஆனான்னு பதறிக்கினு கெடக்குது. இந்தம்மா எவனோ ஓடறத குந்திக்கினு பாத்திருக்கு."

சங்கவி மறுபடியும் வாயைத் திறந்தாள். ஜெசிந்தா கையை உயர்த்தினார். "இரும்மா. அவர் முடிக்கட்டும். தம்பி, குப்பைன்னா எதனால குப்பை? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இந்தத் தொடருங்க எப்படின்னா மேடம், சண்ட போடறவன் வேற, மூஞ்சி காட்டறவன் வேற. மாஸ்க் மாட்டிக்கினு குதிக்கிறது ஸ்டண்ட் ஆளு. மாஸ்க் இருக்கிற வரைக்கும் ஹீரோ அழுதா யாருக்குத் தெரியும்? அதனால கடைசி எபிசோட்ல மாஸ்க்க உடைப்பாங்க. இப்படிப் பாதி மூஞ்சி தெரியும். ரத்தம் வழியும், கத்துவான்." ஹெல்மெட்டைத் தூக்கிப் பாதி முகத்தை மறைத்துக் காட்டினான்.

"இன்னிக்கும் உடைஞ்சிச்சா?"

"உடையாம? அதே கல்குவாரி, அதே வெடி. வருஷக் கடைசியில கையில காசு இருக்காது. செட்டு போடாம குவாரியிலயே வெச்சி வெடிச்சிடுவாங்க. ஹீரோவோட ரோபோவுக்கு ஒரு கை போயிடும். வில்லன மன்னிச்சிடுவான். முடியறப்ப அடுத்த வருஷ ஹீரோ வந்து ஒரு சிரிப்பு சிரிச்சிட்டுப் போவான். எத்தினி கடைசி எபிசோடு பாத்திருக்கேன், கண்ண மூடிக்கினே சொல்வேன் மேடம்."

"கமெண்ட்ல என்ன சொல்றாங்க?"

"எல்லாருக்கும் ஒரே கேள்விதான். எங்க பாக்கறது, எங்க பாக்கறதுன்னு. ஒருத்தனுக்கும் கெடைக்கல. அதுக்கெல்லாம் ஆள் தெரியணும்." சங்கவி பக்கம் திரும்பினான். "நீ எப்ப போடுவ? பொங்கலுக்கா?"

"அடுத்த ஞாயித்துக்கிழம."

"ஊசிப்போன சாம்பார ஊத்தறதுக்கு ஒரு சேனலு."

"உங்க வீடியோவுல இருக்கிற தப்ப எண்ணி முடிக்கவே எனக்கு வாரம் போயிடுது" என்றாள் சங்கவி.

"சண்ட போதும்" என்றார் ஜெசிந்தா. "எங்க தொழில்ல வேகம் முக்கியம். சூட்டோட சூடா பேசலன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

வல்லரசு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பக்கத்து மேசையைத் துடைக்கும் பையனை அழைப்பதுபோல் சங்கவியைப் பார்த்து விரலைச் சொடுக்கினான். "கடைக்குப் போனா நல்ல சட்டையா ஒண்ணு எடுத்து வைம்மா. ஷூட்டிங்குக்குப் போட்டுக்கினு போணும்."

ஜெசிந்தா பையிலிருந்து வேலைக்கான உத்தரவை எடுத்தார். வல்லரசு கையை நீட்டினான். அந்தத் தாள் அவன் விரலைத் தாண்டிப் போய் சங்கவியின் முன்னால் நின்றது.

"நாளைக்கு ஜவுளிக் கடைக்குப் போவாதம்மா. பாண்டிக்கு வந்துடு."

சங்கவி தாளைத் தொடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். வல்லரசு எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"என்னா மேடம் அநியாயம் இது? பாத்துட்டுப் பேசனவன் நானு. பாக்காத பொண்ணுக்கா வேல?"

ஜெசிந்தா ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு அந்த நேரத்துல ஜப்பான் டிவியில ஓட்டப்பந்தயம்தான் போட்டாங்க தம்பி, இடிவீரன் கடைசி எபிசோடு அடுத்த ஞாயித்துக்கிழமதான்."